இஷ்மின்திஸ்: லித்துவேனிய மொழியில் ஞானம் என்பதன் பொருள்

கடைவாயின் ஓரத்தில், மற்றப் பற்களெல்லாம் முளைத்து ஆண்டுகள் பல கழிந்த பின் வரும் பல்லைத் தமிழில் ஞானப்பல் என்கிறோம். லித்துவேனிய மொழியில் அதன் பெயர் 'ப்ரோத்தினிஸ் தன்திஸ்'. 'தன்திஸ்' என்றால் பல். முன்னால் நிற்கும் அடைமொழி 'ப்ரோத்தஸ்' என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. அதன் பொருள் புத்தி, அதாவது மனத்தின் விளங்கிக்கொள்ளும் ஆற்றல். ஞானத்துக்கு அம்மொழியில் 'இஷ்மின்திஸ்' என்று தனிச்சொல் ஒன்று இருக்கிறது. ஆனால் அச்சொல் பல்லுக்குத் தரப்படவில்லை. உயிரியலில் நம் இனத்துக்கு வழங்கும் 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்னும் இலத்தீன் பெயரை லித்துவேனியர்கள் மொழிபெயர்த்தபோதும் 'புத்தியுள்ள மனிதன்' என்றே சொன்னார்கள். அங்கும் ப்ரோத்தஸ்தான் வந்தது. வயது ஏறும்போது எல்லாருக்கும் முளைக்கும் ஒன்றுக்கும், இனம் முழுவதற்கும் பொதுவான ஒன்றுக்கும் புத்தி என்ற சொல்லே போதுமானதாக இருந்திருக்கிறது. அப்படியானால் இஷ்மின்திஸ் என்பது எதைக் குறிக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மொழியைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவது நல்லது. லித்துவேனியா பால்டிக் கடலின் கிழக்குக் கரையில், லாட்வியாவுக்குத் தெற்கிலும் போலந்துக்கு வடக்கிலும் அமைந்த நாடு. மக்கள்தொகை முப்பது லட்சத்துக்கும் குறைவு. அதன் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளையைச் சேர்ந்தது. இன்று அக்கிளையில் உயிரோடு இருப்பவை லித்துவேனியமும் லாட்விய மொழியும் மட்டுமே. பழைய பிரஷ்ய மொழியும் இக்கிளையைச் சேர்ந்ததே. அது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கொழிந்து போனது. குடும்பத்தின் மிகப் பழைய சொல்வடிவங்கள் பலவற்றை லித்துவேனியம் இன்றளவும் விடாமல் வைத்திருப்பதால், ஒரு சொல்லின் உள்ளே இருக்கும் வேரை அதைப் பேசுபவரே பல நேரங்களில் கண்டுகொள்ள முடிகிறது. ஞானம் பற்றிய பேச்சுக்கு இந்தத் தன்மை மிகவும் உதவுகிறது.

ப்ரோத்தஸ் என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். இதன் வேரிலிருந்து பிறந்த சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வியப்பு உண்டாகும். 'சுப்ரஸ்தி' என்றால் புரிந்துகொள்வது. 'ஈப்ரஸ்தி' என்றால் பழகிப்போவது. 'ஈப்ரோத்திஸ்' என்றால் தனிமனிதரின் பழக்கம். 'பப்ரோத்திஸ்' என்றால் ஊரின் வழக்கம், மரபு. 'பப்ரஸ்தஸ்' என்றால் எளிமையானது, சாதாரணமானது. 'ப்ரஸ்மே' என்றால் பொருள், அர்த்தம். புத்தியும் பழக்கமும் மரபும் எளிமையும் அர்த்தமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை இந்த வரிசை காட்டுகிறது. ஒன்றைப் புரிந்துகொள்வது என்பது அதனோடு பழகிப்போவது என்ற எண்ணம் இந்தச் சொற்களின் அடியில் இருக்கிறது. பிறவியிலேயே கிடைத்த கூர்மையைவிட, உலகத்தோடு பழகிப் பழகி உருவான தெளிவையே ப்ரோத்தஸ் தன் வேரில் சுமக்கிறது என்று சொல்லலாம்.

அன்றாடப் பேச்சில் இச்சொல் ஓர் இடம் போலவும் நடந்துகொள்கிறது. பித்துப் பிடித்தவரைப் 'புத்தியிலிருந்து வெளியே போய்விட்டார்' என்பார்கள். தவறான வழியில் போகும் ஒருவர் நிதானத்துக்கு வந்தால் 'புத்திக்குள் வந்துவிட்டார்' என்பார்கள். நடைமுறை அறிவைச் 'சுகமான புத்தி' என்பார்கள். உடலுக்கு நலம் என்பது போலவே புத்திக்கும் நலம் உண்டு என்பது அங்கே கருத்து. புத்தி நலமாகவோ நலங்கெட்டோ இருக்கும். மனிதன் அதற்குள் இருப்பான், அல்லது வெளியே போவான். இஷ்மின்திஸை வைத்து இப்படிப்பட்ட சொற்றொடர்களை அவர்கள் வழங்குவதில்லை. ஞானத்திலிருந்து ஒருவர் வெளியே போய்விட்டார் என்று லித்துவேனியத்தில் சொன்னால் கேட்பவருக்கு விளங்காது.

அடுத்து வருவது 'குட்ருஸ்'. இதன் பொருள் கெட்டிக்காரத்தனமான, சூழ்ச்சியுள்ள என்பது. நரிக்கு உரிய அடைமொழி இதுவே. இச்சொல் முழுக்க இழிவானது அல்ல; சாமர்த்தியமான குழந்தையையும் அன்போடு இப்படிச் சொல்வார்கள். ஆனால் நாட்டுப்புறக் கதைகளில் இதற்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 'மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். இருவர் குட்ருஸ், மூன்றாமவன் முட்டாள்' என்று தொடங்கும் கதைகள் அந்நாட்டில் ஏராளம். கதை முடியும்போது கெட்டிக்காரர்கள் இருவரும் வெறுங்கையோடு நிற்பார்கள். வழியில் கண்ட கிழவருக்குத் தன் ரொட்டியைப் பகிர்ந்து கொடுத்த, அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட மூன்றாமவன் அரசகுமாரியை மணப்பான். முட்டாள்தனத்தைப் புகழ்வது இக்கதைகளின் நோக்கம் என்று நான் கருதவில்லை. தனக்கு மட்டும் பயன்படும் கூர்மையையும், பிறர் சொல்வதைக் கேட்கும் மனத்தையும் அவை பிரித்துக் காட்டுகின்றன. மூன்றாமவனிடம் இல்லாதது குட்ருஸ் தன்மை மட்டுமே; கேட்கும் பொறுமை அவனிடம் நிறைய இருந்தது.

இனி இஷ்மின்திஸ். இச்சொல்லை இரண்டாகப் பிரிக்கலாம்: 'இஷ்' என்னும் முன்னொட்டு, 'மின்திஸ்' என்னும் பெயர்ச்சொல். மின்திஸ் என்றால் எண்ணம், சிந்தனை. இதே வேர் வேறு முன்னொட்டுகளோடும் விகுதிகளோடும் சேர்ந்து ஒரு பெரிய குடும்பத்தை உருவாக்கியிருக்கிறது. 'அத்மின்திஸ்' என்றால் நினைவாற்றல். 'மினேத்தி' என்றால் ஒருவரை அல்லது ஒன்றைக் குறிப்பிடுவது, நினைவுகூர்வது. 'பமின்க்லஸ்' என்றால் நினைவுச்சின்னம். 'மீஸ்லே' என்றால் விடுகதை. பழைய வடிவத்தில் இருந்த மெல்லின ஒலி மறைந்து உயிர் நீண்டிருப்பதால் வேர் சற்றே ஒளிந்திருக்கிறது. ஆயினும் விடுகதையை விடுவிப்பதற்கு வழங்கும் 'ஈமின்த்தி' என்னும் வினையில் அது மீண்டும் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆக, சிந்தனையும் நினைவும் விடுகதையும் நினைவுச்சின்னமும் ஞானமும் ஒரே வேரில் கிளைத்தவை. இந்தக் குடும்பத்தில் நினைப்பது என்ற செயலுக்கு 'எண்ணுதல்', 'மறவாதிருத்தல்' என்று இரு முகங்களும் உண்டு.

முன்னொட்டுக்கு வருவோம். 'இஷ்' என்பதன் முதற்பொருள் உள்ளிருந்து வெளியே என்பது. வினைகளோடு சேரும்போது, ஒரு செயலை இறுதிவரை செய்து முடித்தல் என்ற பொருளையும் அது தருகிறது. 'மோக்கீத்திஸ்' என்றால் கற்றுக்கொண்டிருப்பது. 'இஷ்மோக்தி' என்றால் கற்றுத் தேர்ந்துவிடுவது. 'கென்தேத்தி' என்றால் துன்பப்படுவது. 'இஷ்கென்தேத்தி' என்றால் துன்பத்தைக் கடைசிவரை தாங்கி முடிப்பது. 'கிவென்த்தி' என்றால் வாழ்வது. 'இஷ்கிவென்த்தி' என்றால் ஒரு காலத்தை முழுக்க வாழ்ந்து கடப்பது, பிழைத்து நிற்பது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் இஷ்மின்திஸின் உருவம் தெளிவாகிறது. அது இடையில் விட்டுவிடாமல் கடைசிவரை நினைத்து முடித்த நினைப்பு. இந்த வேரையும் முன்னொட்டையும் மனத்தில் பதித்துக்கொண்டால், லித்துவேனியர்கள் ஞானம் என்று சொல்லும்போது எதை எண்ணுகிறார்கள் என்பதில் பாதி விளங்கிவிடும் என்பது என் கருத்து.

விடுகதை இக்குடும்பத்தில் இருப்பது தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. குளிர்கால மாலைகளில் பெண்கள் நூல் நூற்கும்போதும், ஆண்கள் கயிறு திரிக்கும்போதும், வீட்டில் கூடியவர்கள் விடுகதை போட்டுக் காலம் கழித்தார்கள். அவற்றுள் ஒன்று இது: 'வெள்ளை வயல், கருப்பு ஆடுகள், தெரிந்தவன் மேய்ப்பான்.' விடை, எழுத்து. 'தெரிந்தவன்' என்ற இடத்தில் மூலத்தில் வரும் வினை 'இஷ்மனோ'. அதுவும் இதே வேரின் இன்னொரு வடிவத்தோடு 'இஷ்' சேர்ந்து உண்டானது. ஒன்றின் உள்ளும் புறமும் அறிந்திருப்பதை அது குறிக்கும். தாளில் கருப்பாகச் சிதறிக் கிடக்கும் எழுத்துகளை எல்லாரும் காண்கிறார்கள். அவற்றை ஒன்றுகூட்டி ஓட்டிச்செல்லத் தெரிந்தவர் சிலரே. அறிவை மந்தை மேய்க்கும் வேலையாகக் கண்ட இந்தப் படிமம் ஓர் உழவர் சமூகத்தின் கண்ணிலிருந்து பிறந்தது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 'மின்த்தி' என்னும் இதே ஒலியுடைய வேறொரு வினையும் அம்மொழியில் உண்டு. அதன் பொருள் மிதிப்பது. ஆளிச்செடியின் தண்டை நொறுக்கி நார் எடுக்கும் வேலைக்கும் அவ்வினையே வழங்கும். அயலார் கூடி இரவில் அந்த வேலையைச் செய்வது பழைய கிராம வாழ்வின் பெரிய நிகழ்வுகளில் ஒன்று. நார் எடுப்பதையும் விடுகதை விடுவிப்பதையும் ஒரே வேராகக் கருத ஆசை எழுவது இயல்பே. ஆனால் மொழியியலார் இவற்றை இரு வேறு வேர்கள் என்றே கொள்கிறார்கள். அழகான ஒப்புமை என்பதற்காக அதை வரலாறாக்கிவிடக் கூடாது.

வடமொழியோடு உள்ள உறவைப் பற்றியும் இதே கவனம் தேவை. மின்திஸ் என்பதும் வடமொழியின் 'மதி' என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலவடிவத்திலிருந்து வந்தவை. இலத்தீனில் மனத்தைக் குறிக்கும் சொல்லும் அவ்வழியில் வந்ததே. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்து, புத்தி என்ற பொருளில் வழங்கும் 'மதி' இஷ்மின்திஸுக்குத் தொலைவான சொந்தம் என்று சொன்னால் அது மிகையாகாது. லித்துவேனியத்தில் அறிவதைக் குறிக்கும் 'ஜினோத்தி' என்னும் வினையும், நாம் கடன்வாங்கி வழங்கும் 'ஞானம்' என்னும் சொல்லும் அவ்வாறே ஒரு வேரினவை. பல்லைக் குறிக்கும் தன்திஸும் யானையின் தந்தமும்கூட அத்தகைய உறவினரே. ஆனால் இவை பொதுவான ஒரு முன்னோரிடமிருந்து இரு திசைகளில் பிரிந்த சொற்கள். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று கூறுவது பிழை. தமிழ் வேறொரு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும் இங்கே மறக்கலாகாது.

ஜினோத்தியின் குடும்பத்தையும் ஒரு கணம் பார்த்துவிடுவோம். 'ஜின்யா' என்றால் செய்தி. 'ஜீனீஸ்' என்றால் கிறித்தவத்துக்கு முந்திய காலத்துச் சமயப் பூசகர், அதாவது அறிந்தவர். லித்துவேனியா 1387-இல்தான் கிறித்தவ நாடானது. ஐரோப்பாவில் மிகத் தாமதமாகச் சமயம் மாறிய நாடுகளில் அது ஒன்று. மனச்சாட்சிக்கு அவர்கள் சொல்லும் 'சாஜினே' என்பதும் இந்த வேரினதே. அதில் 'உடன்' என்னும் பொருளுள்ள முன்னொட்டு சேர்ந்திருக்கிறது. அறிவு என்பது செய்தியாகவும் பூசகராகவும் மனச்சாட்சியாகவும் விரிந்திருக்க, ஞானம் என்பதை மட்டும் அவர்கள் இந்த வேரிலிருந்து எடுக்காமல், நினைவின் வேரிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

ஞானத்தைச் சுமந்து வரும் வடிவம் எது என்று ஒரு லித்துவேனியரைக் கேட்டால், பெரும்பாலும் பழமொழி என்றே விடை வரும். பழமொழிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பத்தர்லே'. 'தர்த்தி' என்றால் சொல்வது. 'பத்தர்த்தி' என்றால் அறிவுரை கூறுவது. பத்தர்லே அந்த வேரில் வந்தது. அதே வேரில் 'சுத்தர்த்தி' என்றால் ஒத்துப்போவது. 'சுத்தர்த்திஸ்' என்றால் ஒப்பந்தம். 'தரீபா' என்றால் மன்றம், ஆலோசனை அவை. வடகிழக்கு லித்துவேனியாவில் பெண்கள் குழுவாகப் பாடும் பழைய பல்குரல் பாடல்களுக்குச் 'சுத்தர்த்தினெஸ்' என்று பெயர். 2010-இல் யுனெஸ்கோ அவற்றை மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பழமொழி என்பது ஊர் கூடி ஒத்துக்கொண்ட அறிவுரை என்னும் எண்ணம் இந்தச் சொற்களில் கிடக்கிறது. 1918 பிப்ரவரி 16-இல் நாட்டின் விடுதலையை அறிவித்த அவையின் பெயரும் தரீபாவே. கையெழுத்திட்ட இருபது பேரில் முதியவரும் அன்றைய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவருமான மருத்துவர் யோனஸ் பசனாவிச்சியுஸ், அதற்கு முன் பல ஆண்டுகள் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிப் பதிப்பித்தவர் என்பதை நினைக்கும்போது, அந்தச் சொற்குடும்பம் வரலாற்றிலும் ஒன்றுகூடியது போல எனக்குத் தோன்றுகிறது.

பழமொழிகள் சிலவற்றைப் பார்ப்போம். 'தீலா – கெரா பீலா' என்பது சிறியது, எதுகை உடையது. தீலா என்றால் அமைதி, பேசாதிருத்தல். கெரா என்றால் நல்ல. பீலா என்பதற்கு இன்றைய பொருள் நீதிமன்ற வழக்கு. ஆகவே இன்று கேட்பவருக்கு 'பேசாதிருப்பது நல்ல வழக்கு' என்று அது ஒலிக்கும். ஆனால் பீலாவின் பழம்பொருள் பேச்சு. பேசுவதைக் குறிக்கும் 'பீலோத்தி' என்னும் வினை அதற்குச் சான்றாக இன்றும் இருக்கிறது. அந்தப் பழம்பொருளில் படித்தால் 'பேசாமையும் நல்ல பேச்சே' என்றாகிறது. வாய் நிறையப் பேசுபவரை அறிவாளி என்று லித்துவேனியர்கள் எளிதில் ஏற்பதில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பின் சுருக்கமாகச் சொல்பவரிடம் அவர்களுக்கு நம்பிக்கை அதிகம்.

'ஒன்பது முறை அள, பத்தாம் முறை வெட்டு' என்பது இன்னொன்று. அண்டை நாடான ரஷ்யாவில் இதே பழமொழி ஏழு முறை அளக்கச் சொல்கிறது. ஒன்பது என்பது லித்துவேனிய நாட்டுப்புற மரபின் விருப்ப எண். அங்கே பாடல்களில் வரும் மாயக் கலைமானுக்கும் ஒன்பது கொம்புகள். 'மாலையைவிடக் காலைக்குப் புத்தி அதிகம்' என்பது மூன்றாவது. கோபத்திலோ களைப்பிலோ முடிவெடுக்காமல், உறங்கி எழுந்தபின் எடுக்கச் சொல்கிறது அது. 'துளித்துளியாய்க் கல்லும் தேயும்' என்பதும் வழக்கில் உண்டு. இவை யாவற்றிலும் காலம் தாழ்த்துவது ஒரு குறையாக எண்ணப்படவில்லை. நினைப்பைக் கடைசிவரை கொண்டுபோக வேண்டுமானால் அதற்கு நேரம் வேண்டும் என்பதையே இவை வேறு வேறு வாய்களால் சொல்கின்றன.

பழமொழிகளைப் படிக்கத் தொடங்குபவர் ஒரு மயக்கத்தில் விழாமல் இருக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை லித்துவேனியருக்கு மட்டும் உரியவை அல்ல. பழமொழி ஆய்வாளர் காஸீஸ் க்ரீகஸ் 1987-இல் வெளியிட்ட ஒப்பீட்டு நூல், லித்துவேனியப் பழமொழிகளை லாட்விய, பெலாருசிய, ரஷ்ய, போலிஷ், ஜெர்மன் முதலிய மொழிகளின் பழமொழிகளோடு பக்கத்தில் வைத்துக் காட்டியது. ஒரே கருத்து எத்தனை நாடுகளில் நடமாடியிருக்கிறது என்பதை அதில் காணலாம். எனவே ஒரு பழமொழியை மட்டும் எடுத்துக்கொண்டு 'இதுவே லித்துவேனிய ஞானம்' என்று முடிவு கட்டுவது சரியாகாது. எந்தச் சொல்லை எங்கே வைத்தார்கள், எந்தப் பழமொழியை எப்போது நினைவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதில்தான் ஒரு மக்களின் சாயல் தெரியும்.

பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு. 'முட்டை கோழிக்குப் பாடம் சொல்லாது' என்று முதியோரின் பக்கம் நிற்கும் அதே வழக்கு, 'தலையில் நரை, வாலில் பிசாசு' என்று வயதானபின் தடம் மாறுபவர்களைக் குத்தவும் செய்கிறது. நரை வந்தவுடன் ஞானம் வந்துவிடும் என்ற உறுதியை அவர்கள் தரவில்லை. பெண்களைப் பற்றி 'கூந்தல் நீளம், புத்தி குட்டை' என்றொரு பழமொழி அங்கும் உண்டு. இது நியாயமற்றது என்பதை நாம் சொல்லும் முன்பே, அவர்களுடைய கதைகள் சொல்லிவிட்டன. அறிவுள்ள குடியானவன் மகளின் கதை ஐரோப்பா முழுவதும் வழங்குவது. லித்துவேனியாவிலும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். பிரபு விடுகதை போடுகிறார். தந்தைக்கு விடை தெரியவில்லை, மகளுக்குத் தெரிகிறது. 'உடுத்தியும் உடுத்தாமலும், நடந்தும் நடக்காமலும் வா' என்கிறார் பிரபு. அவள் மீன்வலையைச் சுற்றிக்கொண்டு, ஒரு கால் தரையில் உரச ஆட்டின்மேல் வருகிறாள். பிரபு அவளை மணக்கிறார். பின்னொரு நாள் கோபத்தில், 'உனக்கு மிகவும் பிரியமான ஒன்றை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போய்விடு' என்கிறார். உறங்கிக்கொண்டிருக்கும் கணவரையே வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் போகிறாள். அவளுடைய முதல் விடைகளில் கூர்மை இருக்கிறது. கடைசி விடையில் கூர்மையோடு அன்பும் சேர்ந்திருக்கிறது. ஆகவே அந்த இடத்தில் அவளைக் கெட்டிக்காரி என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

முதியோரைக் குறித்த இன்னொரு கதையும் இங்கே முக்கியமானது. முன்னொரு காலத்தில் உழைக்க இயலாத முதியவர்களைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடும் வழக்கம் இருந்ததாகக் கதை தொடங்கும். இப்படியொரு வழக்கம் உண்மையில் இருந்ததற்குக் கதையைச் சான்றாகக் கொள்ள முடியாது. அது கதையின் தொடக்கம் மட்டுமே. ஒருவன் தன் தந்தையைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துச் செல்கிறான். உடன் வந்த சிறுவன் வண்டியை அங்கேயே போட்டுவிட வேண்டாம் என்கிறான். ஏனென்று கேட்டால், 'உங்களைக் கொண்டுவர எனக்கு வேண்டுமே' என்கிறான். தகப்பன் தன் தந்தையைத் திரும்ப அழைத்துவந்து ஒளித்துவைக்கிறான். இக்கதையின் நீண்ட வடிவங்களில் பின்னர் பஞ்சம் வருகிறது; விதைத் தானியம்கூட மிஞ்சவில்லை. கூரையில் வேய்ந்திருக்கும் பழைய வைக்கோலைப் பிரித்து மறுபடி அடித்துப்பார் என்று ஒளிந்திருக்கும் முதியவர் சொல்கிறார், கதிரில் ஒட்டிக்கொண்டிருந்த மணிகள் கிடைக்கின்றன, ஊர் பிழைக்கிறது. அந்த முதியவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கூரையில் என்ன வேயப்பட்டது என்பது அவருக்கு நினைவிருந்தது. அத்மின்திஸும் இஷ்மின்திஸும் ஏன் உடன்பிறந்த சொற்களாக இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உரை எனக்குக் கிடைக்கவில்லை.

நினைவைக் காப்பது உயிர்பிழைக்கும் வேலையாகவே ஆகிவிட்ட ஒரு காலத்தையும் அம்மக்கள் கண்டிருக்கிறார்கள். 1863-இல் ரஷ்யப் பேரரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1864 முதல் 1904 வரை நாற்பது ஆண்டுகள், லித்துவேனிய மொழியை இலத்தீன் எழுத்தில் அச்சிடுவது பேரரசுக்குள் தடை செய்யப்பட்டிருந்தது. ரஷ்ய எழுத்தில் அச்சிட்ட நூல்களை மக்கள் ஏற்க மறுத்தார்கள். எல்லைக்கு அப்பால், ஜெர்மானியப் பேரரசின் கிழக்குப் பிரஷ்யாவில், தில்ஜே முதலிய ஊர்களில் நூல்கள் அச்சாயின. 'க்னிக்னெஷிஸ்' எனப்பட்ட நூல்சுமப்போர் அவற்றை முதுகில் சுமந்து, காவலரின் கண்ணில் படாமல் எல்லையைக் கடந்து கொண்டுவந்தார்கள். பிடிபட்டவர்கள் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளானார்கள். அவர்களுள் பெரும்புகழ் பெற்ற யுர்கிஸ் பெலீனிஸ் பிறந்த மார்ச் 16 இன்றும் நூல்சுமப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆயர் மொத்தியேயுஸ் வலன்சியுஸ் இந்த நூற்கடத்தலுக்கு முன்னின்று வழிசெய்தவர். அவர் திரட்டிய ஜெமைதியப் பகுதிப் பழமொழிகளின் தொகுப்பு, தடைக்காலத்திலேயே, 1867-இல் வெளிவந்தது. பழமொழித் தொகுப்பு தடைசெய்யப்பட்ட பண்டமாக இருந்த நாட்டில், பழமொழி வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது.

அக்காலத்தில் லித்துவேனிய மொழியில் பாடம் சொல்லித்தரப் பள்ளிகள் இல்லாததால் பிள்ளைகள் வீட்டில் கற்றார்கள். சிற்பி பெத்ரஸ் ரிம்ஷா 1906-இல் செய்த 'லித்துவேனியப் பள்ளி' என்னும் சிற்பத்தில் ஆசிரியரும் இல்லை, கரும்பலகையும் இல்லை. இராட்டையில் நூல் நூற்கும் ஒரு தாயும், அருகில் நின்று புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும் குழந்தையும் இருக்கிறார்கள். தாயின் கை நூலை விடவில்லை. கண் குழந்தையின் பாடத்தில் இருக்கிறது. 'படித்து எழுதத் தெரிந்தவன் ரொட்டிக்குக் கையேந்த மாட்டான்' என்ற பழமொழி, 'கஸ் ஸ்கைதோ ரஷோ, தூனோஸ் நெப்ரஷோ' என்று மூலத்தில் ஓசைநயத்தோடு ஒலிப்பது, இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிறது. எழுத்தறிவு அங்கே அலுவலகப் பதவிக்கான ஏணியாவதற்கு முன்பே, அடுப்பங்கரையில் காத்துவந்த உடைமையாக இருந்தது.

சிந்திக்கும் மனிதனுக்கு அவர்கள் தந்த வடிவத்தையும் சொல்ல வேண்டும். லித்துவேனியக் கிராமச் சாலைகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் 'ரூபின்தொயேலிஸ்' எனப்படும் சிறிய மரச்சிற்பத்தைக் காணலாம். கன்னத்தில் கைவைத்து, தலை சாய்த்து அமர்ந்திருக்கும் இயேசு அது. இந்த உருவம் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் உண்டு. ஆனால் லித்துவேனியர்கள் அதற்கு வைத்த பெயர் அவர்களுடையது. கவலைப்படுவதையும் அக்கறைகொள்வதையும் ஒருசேரக் குறிக்கும் 'ரூபின்திஸ்' என்னும் வினையிலிருந்து பிறந்த அப்பெயரில் செல்லப்பெயர் விகுதியும் சேர்ந்திருக்கிறது. 'நமக்காகக் கவலைப்படும் சின்னவர்' என்று அதைப் பெயர்க்கலாம். உலகைத் துறந்து கண்மூடி அமர்ந்த ஞானியாக அவரை அவர்கள் செதுக்கவில்லை. உலகைப் பார்த்து வருந்தியபடி நினைத்துக்கொண்டிருப்பவராகச் செதுக்கினார்கள்.

இந்திய மெய்யியலோடு நேரடி உறவு கொண்ட ஒருவரும் இவ்வரலாற்றில் இருக்கிறார். விதூனஸ் என்ற புனைபெயரால் அறியப்பட்ட வில்ஹெல்மஸ் ஸ்தொரோஸ்தஸ் (1868–1953) தில்ஜே நகரில் நெடுங்காலம் வாழ்ந்த எழுத்தாளர், பாடற்குழுத் தலைவர், மெய்யியலார். வேதாந்தத்தைப் பயின்று பகவத்கீதையை லித்துவேனியத்தில் பெயர்த்தார். தன்னுணர்வு என்பதை மையமாக வைத்து 1936-இல் 'சாமொனே' என்ற நூலை எழுதினார். 'சாமொனே' என்பதும் மின்திஸின் வேரைச் சேர்ந்த சொல்லே. யூரோ வருவதற்கு முன் வழங்கிய 200 லீதாஸ் பணத்தாளில் அவர் உருவம் இருந்தது. கீழைச் சிந்தனையை அவர் கையாண்டபோது அந்நியச் சொற்களை அப்படியே இறக்காமல், தம் மொழியின் வேர்களிலிருந்தே சொல் தேடினார் என்பது கவனிக்கத்தக்கது.

இன்றைய வழக்கில் இச்சொற்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பார்த்தால் தொடக்கத்தில் கண்ட வேறுபாடு இன்னும் உறுதியாகும். மதுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் குழுக்களாகப் பிரிந்து ஆடும் வினாடிவினா அந்நாட்டில் மிகவும் விரும்பப்படுவது. அதன் பெயர் 'ப்ரோத்மூஷிஸ்', புத்திப் போர். திறன்பேசியின் பெயர் 'இஷ்மனுசிஸ் தெலெஃபோனஸ்'. விடுகதையில் ஆடு மேய்த்தவனின் அதே வினையிலிருந்து எடுத்த அடைமொழி அதற்குக் கிடைத்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கு 'இன்தெலெக்தஸ்' என்ற கடன்சொல்லே வழங்குகிறது. சமர்த்தான குழந்தையை 'ப்ரோத்திங்கஸ்' என்பார்கள். அதே குழந்தையை 'இஷ்மின்திங்கஸ்' என்று சொன்னால், வயதுக்கு மீறிய நிதானம் அதனிடம் கண்டதாகப் பொருள்படும். கிறிஸ்து பிறந்தபோது கிழக்கிலிருந்து விண்மீனைத் தொடர்ந்து வந்தவர்கள் லித்துவேனிய விவிலியத்தில் 'இஷ்மின்ச்சேய்', அதாவது ஞானியர். நாட்டுப்புற வழக்காறுகளை மொத்தமாகச் சொல்லும்போது 'லியவுதியெஸ் இஷ்மின்திஸ்', மக்களின் ஞானம் என்பார்கள். ஒரு நீதிபதியின் தீர்ப்பையோ, பெரிய சச்சரவைத் தவிர்த்த ஒரு பாட்டியின் சொல்லையோ பாராட்டும்போதும் இச்சொல் வரும். போட்டியில் வென்றவருக்கு இது கிடைப்பதில்லை. வினாடிவினாவில் எல்லா விடைகளையும் சொல்லி முதலிடம் பெற்ற இளைஞர் புத்திசாலி என்ற பெயரோடு வீடு திரும்புவார். கூரை வைக்கோலில் விதைநெல்லைப் போல ஒட்டியிருந்த மணிகளை நினைவில் வைத்திருந்த கிழவருக்கு அந்த இன்னொரு சொல்லைத்தான் அவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள்.